மாலை நான்கு மணிக்கு என் தந்தையைக் கட்டாதீர்கள்

கோவைப் புறநகரில் என் தந்தையார் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

கடந்த வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு நான் சொல்லாமல் வந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று அறிகிறேன். பார்வையாளர் நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரைதான் என்பது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் வந்தபோதெல்லாம் தந்தையார் சவரம் செய்த முகமும் நெற்றியில் திருநீறுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நிம்மதியோடு திரும்பிய எனக்கு, மாலையில் அவர் எப்படி இருக்கிறார் என்பது பதினான்கு மாதங்களாகத் தெரியாமலே போயிற்று. வியாழனன்று தெரிந்தது. விளக்குப் போடாத நடைவழியில், பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்த்து, தம்முடைய துண்டினாலேயே இடுப்பில் கட்டப்பட்டிருந்தார். முடிச்சு அவர் கைக்கு எட்டாதபடி நாற்காலியின் பின்புறம் போடப்பட்டிருந்தது. அதை அவிழ்க்க எனக்கே சிறிது நேரம் பிடித்தது. அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: "கண்ணு, சைக்கிள் சாவி எங்க வெச்சே? சங்கு ஊதிட்டாங்க."

அவருடைய அல்சைமர் மறதிநோயின் விவரங்களை, அவரை இங்கே சேர்க்கும்போதே எழுதித் தந்திருக்கிறேன். அந்தச் சைக்கிள் சாவியைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. அது என் பிழை. பஞ்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள், பெரும்பாலும் இரண்டாம் ஷிப்டில் வேலை பார்த்தவர் அவர். நான்கு மணிச் சங்குக்கு மூன்றரைக்கே தூக்குப்போசியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்று அந்த மில்லும் இல்லை, சங்கும் இல்லை. அவருக்குள் மட்டும் தினமும் ஊதுகிறது. உங்கள் ஊழியர்கள் ஷிப்டு மாறுவதும் அதே நான்கு மணிக்குத்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்கு பேர் கேட்டைத் திறந்து வெளியேறுவதைக் கண்ணெதிரே பார்ப்பவர், தாமும் எழுந்து கேட்டை நோக்கி நடப்பதில் என்ன விந்தை இருக்கிறது? "அஞ்சு மணியானா பேய் புடிச்ச மாதிரி ஆயிருதுங்க" என்று என்னிடம் சொன்ன உங்கள் ஊழியர் அம்மாவின் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

நீங்கள் அறியாததல்ல, இருந்தாலும் எழுதுகிறேன். கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு பகலையும் இரவையும் பிரித்தறிகிற மூளையின் சிறு பகுதி அல்சைமர் நோயில் சிதைந்துபோகிறது. அப்படிப்பட்டவரைப் பகலெல்லாம் அரையிருட்டு அறையில் தூங்கவைத்துவிட்டு, பொழுது சாயும்போது விளக்கையும் போடாமல், கூடத்தில் தொலைக்காட்சித் தொடரை உரக்க ஓடவிட்டால், நிழல் எது ஆள் எது என்று தெரியாமல் அவர் கலங்கத்தான் செய்வார். பசி, தாகம், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மூட்டுவலி ஆகியவையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவரிடம் இப்படித்தான் வெளிப்படும். நார்வேயில் 18 பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்த 352 மறதிநோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், வலிக்கு முறைப்படி மருந்து கொடுத்ததிலேயே இத்தகைய பதற்றம் குறைந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டது சாதாரண பாரசிட்டமால்தான். ஸ்பின்னிங் மெஷின்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் தேய்ந்த முழங்கால்கள் அவருடையவை. அவற்றைத் தொட்டுப் பார்த்து "வலிக்கிறதா ஐயா?" என்று யாரேனும் கேட்டதுண்டா?

அதற்குப் பதிலாக அவரை அமைதிப்படுத்தும் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டிருக்கிறது, அதுவும் தொலைபேசியில். மறுநாள் நண்பகல் வரை அவர் கண் திறக்கவில்லை. மறதிநோயுள்ள முதியவர்களுக்குக் குவெட்டியாபைன் போன்ற மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. மருந்தே கூடாது என்று நான் வாதிடவில்லை. நேரில் பார்க்காமல், எங்களிடம் சொல்லாமல் கூட்டாதீர்கள் என்கிறேன். மாலையில் அவரை நடக்க விடுங்கள், கட்டாதீர்கள் என்கிறேன்.

ஆள் போதவில்லை என்றீர்கள். இருபத்திரண்டு பேருக்கு மாலையில் இரண்டே பேர் என்பதை நானும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் மாதம் 38,000 ரூபாய் வாங்கும்போது தென்படாத ஆள் பற்றாக்குறை, நான்கு மணிக்கு மட்டும் எங்கிருந்தோ வந்து சேர்கிறது. சனிக்கிழமை காலை இசைச் சிகிச்சைக்குப் புகைப்படம் எடுக்க மூன்று பேர் நிற்கிறார்கள். உங்கள் விளம்பரத் தாளில் "வீட்டைப் போன்ற பராமரிப்பு" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் மாட்டைத் தவிர யாரையும் கட்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆள் பற்றாக்குறையை மட்டுமே காரணமாக்கி நோயாளியைக் கட்டிவைக்கக் கூடாது என்று மனநல நிறுவனங்களுக்குச் சொல்கிறது. உங்கள் இல்லம் அச்சட்டத்துக்குள் வருமா வராதா என்று வழக்காட நான் இப்போது வரவில்லை. சட்டம் இயற்றியவர்களுக்கே இந்தச் சாக்கு முன்கூட்டித் தெரிந்திருக்கிறது என்பதைத்தான் சுட்டுகிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். நான் கேட்பது பெரிய செலவு பிடிப்பதல்ல. காலையில் ஒரு மணி நேரமாவது அவரை வெயில் படும் முற்றத்தில் உட்காரவையுங்கள். ஊழியர்கள் வெளியேறுவதைப் பின்கேட்டுக்கு மாற்றுங்கள். நான்கரைக்கே எல்லா விளக்குகளையும் போடுங்கள். மின்கட்டணம்தான் தடையென்றால் என் பங்கைத் தருகிறேன். "மில் மூடிட்டாங்க" என்று அவரைத் திருத்த வேண்டாம். "இன்னிக்கு வார லீவுங்க" என்று சொல்லி, ஒரு டம்ளர் தேநீரைக் கையில் கொடுத்து, அவரோடு மதிலோரம் நான்கு சுற்று ஒருவர் நடந்தால் போதும். மாலையில் அவரை நடக்க விடுங்கள், கட்டாதீர்கள்.

இதற்கு எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருகிறேன். இம்முறை சொல்லிவிட்டு வருகிறேன். அவருடைய பழைய சைக்கிளின் சாவியைப் பரணிலிருந்து தேடி எடுத்திருக்கிறேன். அது அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். குளிக்கவைக்கும்போது எடுத்தாலும், மறுபடி அதே பையில் போட்டுவிடும்படி ஊழியர்களிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இல்லத்தில் தங்கியிருக்கும் ஒருவரின் மகள்