லீவுக்கு மூன்றே மூன்று

அன்பு மகளே,

மூன்று நாள் லீவுக்கு என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தாய். நீளமாகப் பட்டியல் போட்டால் எதைப் பார்ப்பது என்று யோசிப்பதிலேயே ஒரு நாள் ஓடிவிடும். அதனால் மூன்றுதான்.

அதற்கு முன்னால் டிவியைச் சரிசெய். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். புது டிவிகள் நடுவில் இல்லாத ஃபிரேம்களைத் தாமாகவே உருவாக்கிச் செருகும். நல்ல படம்கூட மெகா சீரியல் மாதிரி வழுவழுவென்று தெரிவது அதனால்தான். பிக்சர் செட்டிங்கில் 'ட்ரூமோஷன்', 'மோஷன்ஃப்ளோ' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். அணைத்துவிடு. 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அது ஒன்றே போதும்.

இப்போது அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்' போடு. 1924-இல் வந்த மௌனப் படம், முக்கால் மணி நேரம்தான். திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை நிரப்புகிறேன் என்று ஜூம் செய்யாதே. தொப்பியும் காலும் வெட்டுப்படும், கீட்டனின் நகைச்சுவையில் பாதி காலில்தான் இருக்கிறது. தியேட்டர் ஆபரேட்டராக வரும் கீட்டன் தூங்கிப்போய், கனவில் திரைக்குள் நுழைகிற இடத்தைக் கவனி. பெஞ்சில் உட்காரப் போவார், காட்சி மாறும், நடுத்தெருவில் விழுவார். ஒவ்வொரு இடத்திலும் கேமரா தூரத்தை நில அளவைக் கருவியால் அளந்து எடுத்தது. இசை பிரதிக்குப் பிரதி வேறு. பிடிக்கவில்லை என்றால் மியூட்.

இரண்டாவது, டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த 'இரவுக் காவல்' ஓவியம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் 8,439 போட்டோக்களை ஒட்டி, 717 கிகாபிக்சல் படமாகத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. போனில் வேண்டாம், லேப்டாப்பில் திற. கை உடனே ஜூமுக்குப் போகும். ஐந்து நிமிஷம் பொறு. முழுசாகப் பார்க்காமல் உள்ளே போனால் வெறும் விரிசலும் பெயின்டும்தான் தெரியும். அப்புறம் நடுவில் நிற்கும் காவல்படைக் கேப்டன் நீட்டிய கைக்குப் போ. அதன் நிழல் பக்கத்தில் நிற்பவரின் மஞ்சள் கோட்டில் விழுந்திருக்கும். இரவில் ஏது அந்த நிழல்? உண்மையில் பகல் காட்சிதான், வார்னிஷ் கறுத்துப்போனதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கேப்டன் ஏன் நட்டநடுவில் நிற்கிறார் என்று தோன்றும். 1715-இல் சுவருக்குள் அடங்கவில்லை என்று ஓரங்களை வெட்டிவிட்டார்கள், இடப்பக்கம்தான் அதிகம். இடுப்பில் கோழி தொங்கும் சிறுமியை நீயே கண்டுபிடி.

மூன்றாவது, கைவேலை. ஒட்டுத்தாள் (ஸ்டிக்கி நோட்) கட்டு ஒன்று, பென்சில் ஒன்று. 24 தாளில் ஒரு பந்து குதிக்கட்டும். புரட்டினால் இரண்டு நொடி ஓடும். கடைசித் தாளிலிருந்து ஆரம்பி. அப்போதுதான் முந்தைய படம் அடியில் மங்கலாகத் தெரியும், அதை வைத்து அடுத்ததை நகர்த்தலாம். எல்லாத் தாளிலும் ஒரே இடைவெளி விட்டால் பந்து குதிக்காது, லிஃப்டில் ஏறி இறங்கும். உச்சியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், தரையை நெருங்க நெருங்க ஆறேழு. தரையில் படும் ஒரே ஒரு தாளில் மட்டும் பந்தைக் கொஞ்சம் சப்பையாக வரை.

புரட்டி வீடியோ எடுத்து அனுப்பும்மா.

அன்புடன்,
அப்பா