போறணை வந்தது, கரண்ட் வரவில்லை

ஹட்டன்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பண்டாரவளையில் வீட்டோடு சேர்த்து நான்கு அறை கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறாயாம், நல்ல யோசனைதான். பேக்கரியை எப்படி நேரத்துக்குத் திறந்தீர்கள் என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லப்போனால் கடிதம் நீளும், பரவாயில்லையா?

தங்கச்சி மாப்பிள்ளையின் கடை தீபாவளிக்கு முன்பே திறந்தாயிற்று. தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் சனம் டவுனுக்கு இறங்குவது உனக்குத் தெரியும். அந்த வியாபாரத்தை விட்டால் அப்புறம் தைப்பொங்கல் வரை கடை வாடகைக்கே உழைக்க வேண்டும். அதனால் முடிவுத் திகதியை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணினோம்.

வகுப்பில் சி.பி.எம்., பேர்ட் என்று, எந்த வேலைக்குப் பின் எது, மொத்தம் எவ்வளவு காலம் என்று கணக்குப் போடும் இரண்டு முறைகள் படித்தோமே. 1957 இல் டுபோன்ட் கம்பனியின் மோர்கன் வோக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெலியும் தொழிற்சாலை வேலைகளுக்காக முதலாவதை உருவாக்கினார்கள். 1958 இல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக மற்றதைக் கொண்டுவந்தது. ஏவுகணைக்குப் போட்ட கணக்கு மாலுபாணுக்கு எதற்கு என்று மாப்பிள்ளை சிரித்தார். நான் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி வரைந்து, "இதைத் தொடங்க எது முடிந்திருக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனேன்.

அந்தக் கேள்விதான் உண்மையான வேலை. எல்லாரும் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தார்கள். ஆனால் கடையின் முன்கதவு நிலையை விடப் பாண் சுடும் போறணை அகலம் என்று பட்டியல் எதிலும் இல்லை. எதற்குப் பின் எது என்று பெட்டிகளுக்கு இடையே அம்புக்குறி போடும்போதுதான் மேசன் பாஸ் டேப்பை எடுத்து அளந்தார். போறணை உள்ளே போன பிறகுதான் நிலையும் கண்ணாடியும். அந்த ஒரு அம்புக்குறியிலேயே படம் வரைந்த பாடு வசூலாகிவிட்டது.

கணக்கு இப்படி வந்தது. தரை உடைத்துக் கொங்கிரீட் போட்டு மாபிள் பதிக்க 3 வாரம். அதன்பின் வயரிங் 2 வாரம். வயரிங் முடிந்து சோதித்த கடிதம் கையில் இருந்தால்தான் போறணைக்கு வேண்டிய த்ரீ ஃபேஸ் கரண்ட் வேலை நகரும், அதற்கு 7 வாரம். கடைசியாகச் சுட்டுப் பார்க்க 1 வாரம். மொத்தம் 13. இன்னொரு பக்கம் கொழும்பில் ஓடர் கொடுத்த போறணை செய்து வர 5 வாரம், இறக்கி வைக்க 1, நிலையும் கண்ணாடியும் 1, பெயின்டும் ராக்கையும் 1, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்து அனுமதி கிடைக்க 2. இந்த வழியில் 10 வாரத்தில் ஆயத்தம். கரண்ட் வருவதோ 12 ஆம் வாரம்.

வீட்டில் எல்லாரும் பதறியது போறணைக்குத்தான், அதிக காசு போட்டது அதில் என்பதால். மாப்பிள்ளை வாராவாரம் கொழும்புக்குப் பஸ் ஏறத் தயாராக இருந்தார். படத்தைக் காட்டி, "அதற்கு 2 வாரம் இடைவெளி இருக்கிறது, நீங்கள் வயரிங் பாஸின் பின்னால் போங்கள்" என்றேன்.

அந்த 7 வாரம் எப்படி வந்தது என்று கேட்பாய். கரண்ட் எடுத்தவர்கள் சிலரிடம், எல்லாம் சரியாக நடந்தால் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு, இழுபட்டால் எவ்வளவு என்று மூன்றாகக் கேட்டேன். 4, 6, 14 என்று தேறியது. நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 7. எந்த பாஸிடமும் "எப்ப முடியும்?" என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் "வாற கிழமை" என்பதுதான் பதில். "மழை விடாவிட்டால் எப்ப?" என்று கேட்டுப் பார், அப்போதுதான் ஆள் யோசிப்பார்.

அப்புறம் இந்த இடைவெளி விஷயம். போறணையிலிருந்து பி.எச்.ஐ. வரைக்கும் உள்ள வரிசைக்கு மொத்தமாகத்தான் அந்த 2 வாரம். ஆளுக்கு 2 வாரம் இல்லை. தச்சு பாஸ் அதைத் தின்றுவிட்டால் பெயின்ட் அடிப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே தச்சு பாஸிடம் நான் வாயே திறக்கவில்லை. வகுப்பில் இதையெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்!

இன்னொரு சங்கதி. படத்தில் இரண்டு பெட்டி அக்கம்பக்கமாக இருந்தால் ஒரே நேரத்தில் நடக்கும் என்றுதான் தெரியும். ஆனால் இரண்டுக்கும் ஒரே மேசன் என்றால்? பெட்டிக்குள் ஆளின் பெயரையும் எழுது. போயா விடுமுறை நாளையும் கழித்துக்கொள்.

13 வாரம் தீபாவளிக்கு மிக நெருக்கமாக இருந்தது. எங்கே காசு போட்டுச் சுருக்கலாம் என்று பார்த்து, இன்னொரு மேசனைச் சேர்த்துத் தரையை 2 வாரமாக்கினோம். பின்பக்கத் தரை முதல் வாரத்திலேயே முடிந்ததும் அங்கேயே வயரிங் தொடங்கியது. கரண்ட் 10 ஆம் வாரத்துக்கு வந்துவிட, மொத்தம் 11. மாப்பிள்ளைக்கு உற்சாகம் ஏறி இன்னும் ஆள் போடலாம் என்றார். அங்கே நிறுத்தினேன். இப்போது இரண்டு வழியும் 10 இல் வந்து நிற்கின்றன. இனி ஒரு வாரம் குறைக்க இரண்டிலும் செலவழிக்க வேண்டும், ஒன்றில் மட்டும் போட்டால் காசுதான் கரையும்.

அதைவிட, இரண்டு வழி ஒரே இடத்தில் சேர்ந்தால் பிந்துவதற்கும் இரண்டு காரணம் ஆகிறது. நேரத்துக்கு முடிய ஒவ்வொன்றுக்கும் 80 வீதம் வாய்ப்பு, ஒன்று மற்றதைப் பாதிக்காது என்று வை. இரண்டும் சேர்ந்து முடிய 64 வீதம்தான். அதனால் மிஞ்சிய 2 வாரத்தை வேலைகளுக்குப் பிரித்துக் கொடுக்காமல் கடைசியில், தீபாவளிக்கு முன்னால், மொத்தமாக வைத்தோம்.

அதுதான் காப்பாற்றியது. வரும் வழியில் கினிகத்தேனைப் பக்கம் மழை பிடித்தும் லொறி போறணையை ஒழுங்காகக் கொண்டுவந்து இறக்கியது. கரண்டுக்கோ 9 வாரம் போனது. பளபளவென்று போறணை, கண்ணாடி, பெயின்ட் எல்லாம் ஆயத்தமாக இருக்க, தங்கச்சி அதன் மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். வைத்திருந்த 2 வாரமும் காலி, ஆனால் கடை திறந்தது.

சரி, உன் வேலைக்கு வருவோம். என் படத்தைப் பிரதி எடுக்காதே. எங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, உங்கள் ஊவாப் பக்கம் அப்போதுதான் வறட்சி. ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் உனக்கு மழை. அத்திவாரமும் வெளிப்பூச்சும் அதற்கு முன் முடியும்படி திகதிகளை வை. உன் காணி சரிவானது. மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதமும் பிரதேச சபையின் அனுமதியும்தான் முதல் பெட்டிகள். கொத்தனார் யார், கட்டில் எங்கே வாங்குவது என்பதெல்லாம் அப்புறம்.

எந்த மாதம் முதல் ஆட்களை எடுக்க நினைக்கிறாய், யார் யார் வேலைக்கு வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அம்புக்குறி போட்டுத் தருகிறேன். வரும்போது ஒரு பெட்டி மாலுபாண் கொண்டுவருவேன், அம்மாவுக்கு உறைப்பு குறைத்து. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்