கிரீன்வேயில் மேடில்லை, காற்று உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு கிரீன்வே சைக்கிள் பாதை பற்றிய கட்டுரையில் இரண்டு திருத்தங்கள்.

பாதையின் 46 கிலோமீட்டரும் கடலோரம் என்று அதில் சொன்னது சரியல்ல. வாட்டர்ஃபோர்டிலிருந்து கிளம்பினால் முதலில் சூர் ஆறு, பிறகு வயல்வெளி, கில்மக்தாமஸில் எட்டு வளைவு ரயில் பாலம். பாலிவாயில் என்ற ரயில் சுரங்கக் குகையைத் தாண்டிய பிறகுதான் கடல். அங்கிருந்து, பாதை முடியும் டங்கார்வனுக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

‘யாரும் அலுங்காமல் ஓட்டலாம்’ என்பது பாதி உண்மை. 1878இல் நீராவி இன்ஜினுக்காகப் போட்ட பழைய ரயில் தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது. ஆனால் அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. வாட்டர்ஃபோர்டில் தொடங்கினால் முழுத் தூரமும் எதிர்காற்றுதான். கடைசி பத்து கிலோமீட்டரில் கால் சோர்ந்த நேரத்தில் கடற்காற்று முகத்தில் அறையும். முழுப் பாதையும் ஓட்டுபவர் டங்கார்வனில் தொடங்கட்டும். அரை நாள்தான் என்றால் கில்மக்தாமஸிலிருந்து டங்கார்வன் போய்த் திரும்புங்கள். தெம்பிருக்கும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகில் காற்று, கடலும் விட்டுப்போகாது.

குகை சுமார் 400 மீட்டர். உள்ளே விளக்கு உண்டு, ஆனாலும் வெயிலிலிருந்து நுழைந்ததும் சில விநாடிகள் கண் இருட்டும். வாயிலுக்கு முன்பே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வேகத்தைக் குறையுங்கள். செங்கல் கூரை சொட்டுவதால் தரை ஈரம். அங்கே முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சறுக்கும்.

கட்டுரை தொடாத விஷயம் பஞ்சர். அயர்லாந்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, பறவைகள் கூடு கட்டும் காலமென்று, முட்செடி வேலிகளை வெட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. செப்டம்பரில் வெட்டத் தொடங்கியதும் முள் பாதையில் சிதறும். தார்ப் பாதைதானே என்று அசட்டையாக இருந்தால் போச்சு. மாற்று ட்யூப் இரண்டு, டயர் நெம்பி, பம்ப் கையில் இருக்கட்டும். பலரும் ட்யூபை மட்டும் மாற்றிக் கிளம்பி, ஒரு கிலோமீட்டரில் மறுபடி உட்காருகிறார்கள். முள் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்பதுதான் காரணம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விரலால் தடவாமல், பஞ்சுத் துணியை டயரின் உட்புறம் ஒரு சுற்று இழுத்தால் நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். அதை உள்ளிருந்து வெளியே தள்ளிவிட்டுப் புது ட்யூபைப் போடுங்கள்.

– வாசகர், டப்ளின்