விசைப்படகு உரிமையாளர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் படகு உரிமையாளர்களுக்கும், டிரைவர்மார்களுக்கும் வணக்கம்.

டீசல் மானியம், ஐஸ் விலை, ஏலக்கூடத்துக் கூரை ஆகியவற்றுக்காகக் கொடுத்த மனுக்களின் நகல் கோப்பில் இருக்கிறது. கூரை இன்னும் ஒழுகுகிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரத்தை ஆமைக்கு எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு ஊரெல்லாம் நம்மைப் பற்றிப் பேசியது அதனால்தான்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கெடுத்தது. 'கப்பலில் அடிபட்டிருக்கும், எங்கோ செத்தது நீரோட்டத்தில் வந்திருக்கும்' என்று நம் கூட்டத்தில் பலர் பேசினார்கள். நானும் பேசினேன். ஆனால் கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கரையில் கிடந்தவை மூச்சுமுட்டிச் செத்தவை. ஆமைக்குச் செவுள் கிடையாது, மேலே வந்துதான் மூச்செடுக்க வேண்டும். நாமோ ஒரு இழுப்புக்கு மணிக்கணக்கில் வலையை இழுக்கிறோம்.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை கூடாது என்பது சட்டம். இறால் கிடைப்பதும் அங்கேதான், முட்டையிட வரும் ஆமை சுற்றுவதும் அங்கேதான். இரவில் விளக்கணைத்து உள்ளே போனவர்கள் யாரென்று இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பெயர்களைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான். அது சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆமை தையிலிருந்தே வரத் தொடங்குகிறது. தடையோ சித்திரை பிறந்த பிறகுதான். மீன் பெருகப் போட்ட தடை அது, பங்குனி ஆமைக்குப் பெரிதாக உதவாது.

ஆமை விலக்குச் சாதனம், நம் பேச்சில் 'டெட்', பற்றி மூன்று கூட்டம் நடந்தது. ஒன்று கைகலப்பு வரை போனது. வலையின் கடைசிப் பையான மடிக்கு முன்னால் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், கம்பிக்குக் கம்பி 10 சென்டிமீட்டருக்குள். இறால் இடுக்கில் நுழைந்து மடிக்குப் போகும், ஆமை கம்பியில் முட்டி மேலேயுள்ள திறப்பு வழியாக வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமே ஒன்றை வடிவமைத்திருக்கிறது. பெரிய திருக்கையும் கூடவே போய்விடுமே என்றார்கள். போகும்தான். ஆனால் ஆமையைத் தப்பவிடாத வலையில் பிடித்த கடல் இறாலை அமெரிக்கா தன் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வாங்க மறுக்கிறது. இங்கிருந்து அங்கே போவது பண்ணை இறால். அந்த நஷ்டத்தை நம்மில் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இரண்டு படகில் மட்டும் பொருத்திப் பார்க்கலாம் என்ற தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது.

நிறைவேறியது வேறொன்று. வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால், செத்ததென்று உடனே கடலில் வீசக்கூடாது. வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை அரை அடி உயர்த்தி, நிழலில் ஈரச்சாக்குப் போட்டு வைத்தால் நுரையீரல் தண்ணீர் வடியும். தெளிய 4 மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். விடும்போது என்ஜின் நியூட்ரலில் இருக்க வேண்டும். 'சங்காயம் (சில்லறைக் கழிவு மீன்) கொட்டவே இடமில்லை, ஆமைக்குப் பாய் விரிக்கணுமா?' என்றார் ஒரு டிரைவர். அவர் படகிலேயே மார்ச்சில் ஒன்று கண் திறந்து நீந்திப் போனது.

தடைக்காலத்தில் வலையெல்லாம் கரையில் கிடக்கும், தைக்க ஆளும் கிடைப்பார்கள். டெட் தீர்மானத்தை மே மாதக் கூட்டத்தில் மறுபடி வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்