பள்ளி வாசல்: ஃபீனிக்ஸ் நண்பனுக்கு

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. எஸ்ஜிபி-க்கு (பள்ளி நிர்வாகக் குழுவுக்கு) உன்னைத் தேர்ந்தெடுத்த கையோடு வாசல் பாதுகாப்பை உன் தலையில் கட்டிவிட்டார்களா! கேமராவுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டிருக்கிறாய். கேமராவைக் கடைசியில் வாங்கிக்கொள். நடந்ததைப் பிறகு காட்டும், அவ்வளவுதான். தொடக்கப்பள்ளியில் முன்பின் தெரியாதவனுக்குக் கதவு பெரும்பாலும் திறக்காது. தெரிந்த முகத்துக்குத்தான் கேள்வியில்லாமல் திறக்கும். "எங்க தாத்தா கல் சுமந்து கட்டின பள்ளி, என்னையா கேட்கிற?" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் வாசலில் நிற்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை, நடாலில் நம் பள்ளிகள் பல அப்படித்தான் எழுந்தன. ஆனால் எஸ்ஜிபி தலைவரின் மச்சான் கையெழுத்துப் போடாமல் உள்ளே போனால், காவலருக்கு அன்றைக்கே விதி செத்துப்போகும்.

சட்டத்திலிருந்து ஆரம்பி. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் கீழ் 2001-இல் அரசுப் பள்ளிகளுக்கான பாதுகாப்பு விதிமுறைகள் வந்தன. வளாகத்துக்குள் யார் வரலாம் என்று கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அவை பிரின்சிபாலுக்குக் கொடுக்கின்றன. பெயர், முகவரி, அடையாள அட்டை கேட்கலாம். ஆயுதமோ போதைப்பொருளோ இருக்கிறதா, பையில் என்ன என்று சொல்லச் சொல்லலாம். இது எஸ்ஜிபி-யின் கையில் இல்லை, காவலர் கையிலும் இல்லை. ஆகவே உன் முதல் காகிதம், பிரின்சிபால் தன் சார்பில் இன்னின்னார் கேட்கலாம் என்று கையெழுத்திட்டுத் தரும் கடிதம். இரண்டாவது, வாசல் பலகை. ஆங்கிலத்திலும் ஜூலுவிலும், பெரிய எழுத்தில். "என் பையைத் திறக்க நீ யார்?" என்ற சண்டையைக் காவலரை விடப் பலகை நன்றாகச் சமாளிக்கும். உரிமம் உள்ள துப்பாக்கியோடு யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். நல்லெண்ணத்தில் வாங்கி ஆபீஸ் டிராயரில் வைத்துக்கொண்டால் அது வேறு வழக்கு.

பிள்ளைகளைச் சோதிப்பது தனி விஷயம், அதற்குச் சட்டத்தில் 8ஏ பிரிவு இருக்கிறது. நியாயமான சந்தேகம் வேண்டும். உடல் சோதனை என்றால் பிரின்சிபாலோ அவர் நியமித்தவரோ, அதே பாலினத்தவர், மற்ற பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில், அதே பாலினப் பெரியவர் ஒருவர் சாட்சியாக நிற்கச் சோதிக்க வேண்டும். சந்தேகமே இல்லாமல் வாசலில் வரிசையாக நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்ப்பது இதில் வராது.

இன்டர்காமில் என்ன கேட்பது என்பதைக் காவலருக்கு வார்த்தை வார்த்தையாக எழுதிக் கொடு. பெரும்பாலான வாசல்களில் தவறு இங்கேதான் நடக்கிறது. "கிரேடு மூன்று பிரியாவோட அப்பாவா?" என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் "ஆமாம்" என்பான். பெயரையும் வகுப்பையும் காவலரே எடுத்துக் கொடுத்தாயிற்றே. "யாரைப் பார்க்க வந்தீங்க? எந்தப் பிள்ளை, எந்த வகுப்பு? அப்பாயின்ட்மென்ட் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதிலை ஆபீஸுக்குச் சொல்லி, அங்கிருந்து சரி வந்த பிறகுதான் கதவு. பழுதுபார்ப்பவர் என்று வருகிறவரை யார் கூப்பிட்டது என்று ஆபீஸ் சொல்ல வேண்டும். அவர் சட்டையில் கம்பெனி பெயர் இருப்பது அத்தாட்சி ஆகாது.

ரெஜிஸ்டரில் எல்லோரும் உள்ளே வந்த நேரத்தைத்தான் எழுதுகிறார்கள். வெளியே போன நேரத்துக்கான கட்டம் காலியாகவே கிடக்கும். தீ மணி அடித்தால் உள்ளே யார் மிச்சம் என்று அந்தக் கட்டம்தான் சொல்லும். அதை நிரப்ப வைக்க ஒரு வழி: எண் போட்ட பேட்ஜ். வரும்போது கார் சாவியையோ லைசென்ஸையோ வாங்கி வைக்காதே, தொலைந்தால் நீங்கள்தான் பொறுப்பு. பேட்ஜைக் கொடு, போகும்போது திரும்ப வாங்கு. 20 பேட்ஜ் இருந்தால், பள்ளி முடிந்ததும் ஆணியில் 20-ம் தொங்க வேண்டும். ஒன்று குறைந்தால் அன்றைக்கே தேடுங்கள். பேட்ஜ் இல்லாத பெரியவர் யாரைப் பார்த்தாலும் ஆசிரியர் "உங்களை ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லலாம். மரியாதையாகவும் இருக்கும், தப்பிக்கவும் விடாது.

ரெஜிஸ்டரைத் திறந்து மேசையில் வைப்பதும் தவறு. நம் அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அதைப் போன் நம்பரோடு சேர்த்து எழுதி வைத்தால் அடுத்து வருபவன் ஒரே பார்வையில் படித்துக்கொண்டு போவான். 2021 ஜூலையிலிருந்து போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும். அட்டையைக் கண்ணால் பார்த்து டிக் போடுங்கள். பெயர், கார் நம்பர், யாரைப் பார்க்க, நேரம், இவ்வளவு போதும். ஆளுக்கொரு சீட்டு என்றால் இன்னும் நல்லது.

வருபவரைப் பார்ப்பதில் இருக்கும் கவனம் பிள்ளையை வெளியே அனுப்புவதில் இருப்பதில்லை. இது எனக்குப் பெரிய கவலை. பள்ளி நேரத்தில் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தால் பிள்ளையின் ஃபைலில் உள்ள பட்டியலைப் பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் என்றால் ஃபைலில் உள்ள நம்பருக்குத்தான் அழைக்க வேண்டும், வந்தவர் தரும் நம்பருக்கு அல்ல. அந்த நம்பரில் அவர் கூட்டாளியே எடுப்பான். அம்மா பேசினாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல், எழுத்தில் இருக்கட்டும். காவடி நாளன்று, தீபாவளிக்கு முந்தின நாளன்று, பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்று வாசல் நிறைந்துவிடும். அதற்கு முந்தின வாரமே பெற்றோரிடம் பெயர் வாங்கிவிடுங்கள். பிரிந்த பெற்றோர் விஷயத்தில் ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி மற்றவரைத் தடுக்க முடியாது. நீதிமன்ற ஆணையின் நகல் ஃபைலில் இருக்க வேண்டும். ட்ரான்ஸ்போர்ட்காரர்களில் வழக்கமானவருக்குப் பதில் வேறு டிரைவர் வந்தால் அன்று காலையே தகவல் வந்திருக்க வேண்டும். கிரேடு ஆர் (முதல் வகுப்புக்கு முந்தின வகுப்பு) பிள்ளையைக் கையிலிருந்து கைக்கு மாற்றுங்கள். கேட்டுக்கு வெளியே வரிசை விடாதீர்கள்.

இனி இரும்பு. சறுக்குக் கதவின் மோட்டாருக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி இருக்கும். மின்சாரம் போகும்போது முழுதும் வடிந்து, சரியாக ஏறாமலே மறுபடி வடிந்தால் தகடு கெட்டுவிடும். கேபிள் திருடு போன நாளில் கதவு பாதியில் நிற்கும். காவலர் கையால் தள்ளித் திறந்து அப்படியே விட்டுவிடுவார். மாதம் ஒரு முறை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பத்து தடவை திறந்து மூடிப் பாருங்கள். கதவு மூச்சு வாங்கினால் புதுப் பேட்டரி. மோட்டாரை விடுவித்துக் கதவைக் கையால் தள்ள உதவும் சாவி இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். ரிமோட்டுகளைத் தனித்தனியாகப் பதியச் சொல். ஒன்று தொலைந்தால் அதை மட்டும் அழிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே குறியெண்ணில் பதிந்திருந்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். தடத்தின் இரண்டு முனையிலும் எஃகு நிறுத்தி இருக்கிறதா என்று நீயே போய்ப் பார். இல்லையென்றால் கதவு தடத்தை விட்டு ஓடிப் பிள்ளைகள் மேல் சாயும். கதவு மூடும்போது குறுக்கே ஆள் வந்தால் நிறுத்தும் ஒளிக்கற்றை (பீம்), ஆறு வயசுப் பிள்ளையை உணரும் உயரத்தில் இருக்கட்டும். கார் உயரத்துக்கு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

காவலருக்கு பிசிரா (தனியார் பாதுகாப்புத் துறையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு இருக்கிறதா என்று அட்டையைப் பார்த்தால் போதாது, பிசிராவிலேயே சரிபார். பதிவில்லாதவரை வைத்தால், வைத்தவர் மேலும் வழக்கு வரும். டக் ஷாப் (பள்ளித் தின்பண்டக் கடை) அம்மா, கிரிக்கெட் கோச் என்று பிள்ளைகளோடு அடிக்கடி பழகுகிறவர்களுக்கு, குழந்தைகள் சட்டத்தின் பதிவேட்டில் பி பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் பட்டியலில், பெயர் இல்லை என்ற அத்தாட்சி வேண்டும். அவரே கேட்டால் படிவம் 30, பள்ளி கேட்டால் படிவம் 29. பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு தனி, அதையும் பார்க்க வேண்டும். பதில் வரும் வரை அவரைப் பிள்ளைகளோடு தனியாக விடாதே.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் பிரியாணி விற்பனைக்கும் எந்தக் கேட் திறக்கும், கழிப்பறைச் சாவி யாரிடம் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? வகுப்பறைகளைப் பூட்டி, ஹாலை மட்டும் திறந்து விடுங்கள். வாடகைக்கு எடுக்கிறவர்களிடமும் ஒரு பொறுப்பாளர் பெயர் வாங்கு.

அடுத்த கடிதத்தில் கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. விளையாட்டு மைதானத்தைக் கடந்துதான் ஆபீஸுக்குப் போக வேண்டும் என்றால், கேமரா காசை வைத்து அந்த இடத்தில் வேலி போடச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் பழைய நண்பன்