வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாகனப் பக்கத்தில், தினமும் ஓட்டுவதற்கு ஏற்ற ஏழு சின்ன வண்டிகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தீர்கள். சிசி இருந்தது, குதிரைத்திறன் இருந்தது, மைலேஜ் இருந்தது. கைப்பேசியை இணைக்க முடியுமா என்பதற்குக்கூட ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தீர்கள். வண்டியின் எடை மட்டும் எங்கும் இல்லை. தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்பதும் இல்லை. நான் 22 ஆண்டுகளாக இருசக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். உயரம் நாலடி பதினோரு அங்குலம். இந்த இரண்டு எண்களும் விடுபட்டது எனக்கு உறைத்ததில் வியப்பில்லை.

வண்டி விழுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். என் மைதானத்தில் விழாத ரகம் இல்லை. பெரும்பாலும் எல்லாமே நின்ற இடத்தில் விழுந்தவை. ஏறும்போது, இறங்கும்போது, குறுகலான இடத்தில் திருப்பும்போது, பின்னுக்குத் தள்ளும்போது. 40 கிலோமீட்டர் வேகத்தில் எந்தச் சின்ன வண்டியும் தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு போகும். நடக்கிற வேகத்துக்கு இறங்கியதும் அதன் பாரம் நம் தலையில் ஏறிக்கொள்கிறது. தினசரி ஓட்டத்தில் பாதி நேரம் இந்த வேகம்தானே?

என் முதல் வண்டி, அண்ணன் பார்த்து வாங்கிக்கொடுத்த பைக். ஓடும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் நிறுத்தப்போன இடத்தில் தரை வலப்பக்கம் இரண்டு விரற்கடை அளவு தாழ்ந்திருந்தது. இடக்காலை ஊன்றியிருக்க வேண்டும், வலக்காலை இறக்கினேன். தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. வண்டி மெதுவாகச் சாய்ந்தது, அதை நிறுத்தும் பலம் என் காலில் இல்லை என்பதும் அதே மெதுவாகப் புரிந்தது. பிரேக் கைப்பிடி முறிந்தது. யாரோ ஒருவர் ஓடிவந்து ஒற்றையாளாகத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார். முழங்கால் சிராய்ப்பைவிட அதுதான் அதிகம் எரிந்தது.

ஷோரூமில் எல்லோரும் ஒரே காரியம்தான் செய்கிறார்கள். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஸ்டாண்டில் நிற்கும் வண்டி கட்டில் மாதிரி. கட்டிலில் உட்கார்ந்து என்ன தெரியப்போகிறது? இறக்கச் சொல்லுங்கள். தினமும் போடும் செருப்போ ஷூவோ அதையே போட்டுக்கொண்டு ஏறுங்கள். எஞ்சினைப் போடாமல், காலால் உந்திப் பத்தடி பின்னால் போங்கள். பிறகு இடமும் வலமுமாக லேசாகச் சாய்த்து, எந்த இடத்தில் கை பதறுகிறது என்று பாருங்கள். விற்பனையாளர் பொறுமையிழப்பார். இழக்கட்டும்.

சீட் உயரத்தை வெறும் எண்ணாக நம்பிவிடவும் கூடாது. 765 மில்லிமீட்டர் என்று விவரக்குறிப்பில் போட்டிருக்கும் ஸ்கூட்டரில் என் குதிகால் அந்தரத்தில் நிற்கிறது. 790 என்று போட்டிருக்கும் ஒல்லியான பைக்கில் ஏறக்குறைய அதே அளவுதான் கால் எட்டுகிறது. சீட் அகலமாக இருந்தால் காலின் நீளம் பக்கவாட்டிலேயே செலவாகிவிடும். ஸ்கூட்டரில் கால் வைக்கும் பலகையும் சேர்ந்து காலை வெளியே தள்ளும்.

எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்ரோல், ஆயில் எல்லாம் நிரப்பிய எடைதான் நாம் தாங்கப்போகும் எடை. சில விவரக்குறிப்புகளில் அவை இல்லாத உலர் எடை மட்டும் இருக்கும். இந்த ரக வண்டிகள் 100 கிலோவிலிருந்து 120 கிலோ சொச்சம் வரை இருக்கின்றன. பத்து கிலோதானே என்று தோன்றும். அந்தப் பத்து கிலோ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். உயரத்தில் இருந்தால் சாயும்போது இரண்டு மடங்காகத் தெரியும்.

சென்டர் ஸ்டாண்ட் போடுவதை நான் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவேன். பலரும் கையால் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். வண்டியை நேராக நிமிர்த்தி, ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடும்வரை அதன் நாக்கைக் காலால் மெல்ல அழுத்த வேண்டும். இரண்டும் தட்டும் சத்தம் கேட்ட பிறகு, உடம்பின் முழுப் பாரத்தையும் நாக்கின் மேல் ஏற்றி நின்றால் வண்டி தானாகப் பின்னால் ஏறி உட்காரும். கை திசை காட்டினால் போதும். இப்படிச் செய்தும் ஏறாத வண்டி உங்களுக்கானது இல்லை. அதன் முகப்பில் எத்தனை அங்குலத் திரை இருந்தாலும் சரி.

கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் புதியவர்களுக்கு எளிது என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஓட்டுவதற்கு எளிது, ஒப்புக்கொள்கிறேன். இறங்குவதற்கு? அந்த ஸ்கூட்டரில் நியூட்ரல், அதாவது எஞ்சின் ஓடினாலும் சக்கரத்துக்கு விசை போகாத நிலை, கிடையாது. சென்ற மாதம் என் மாணவி ஒருவர் நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமலே இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளப்போனார். பிடித்த பிடியில் வலது மணிக்கட்டு திரும்பி ஆக்ஸிலரேட்டரை முறுக்கியது. வண்டி பாய்ந்தது. பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தார், இன்னும் பாய்ந்தது. “அக்கா, நான் எதுவுமே செய்யவில்லை” என்றார், சுவரோரம் கிடந்த வண்டியைப் பார்த்தபடி. அவர் சொன்னது பொய்யில்லை. சைடு ஸ்டாண்ட் போட்டால் எஞ்சின் அணைந்துவிடும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் என்பேன். மின்சார ஸ்கூட்டரில் சத்தமும் இராது என்பதால் இது இன்னும் அவசியம்.

சக்கரத்தைப் பற்றியும் உங்கள் அட்டவணை வாயே திறக்கவில்லை. டயரின் பக்கவாட்டில் 90/100-10 என்று இருந்தால், அகலம் 90 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 100 சதவீதம், உள்வட்டம் 10 அங்குலம். கணக்குப் போட்டால் மொத்த உயரம் சுமார் 43 சென்டிமீட்டர். பைக்கின் 80/100-18 டயர் 62 சென்டிமீட்டரைத் தொடும். ஐந்து சென்டிமீட்டர் ஆழப் பள்ளத்தின் விளிம்பு, சின்னச் சக்கரத்துக்கு அதன் அச்சு உயரத்தில் ஏறக்குறைய கால்வாசி. பெரிய சக்கரத்துக்கு ஆறில் ஒரு பங்கு. ஸ்கூட்டரில் முதுகு குலுங்குவதற்கு நம் வயதை மட்டும் குறை சொல்லக் கூடாது. சாலை மோசமென்றால் 12 அங்குலச் சக்கரமாவது பாருங்கள்.

மைலேஜைப் பற்றி ஒரே வரி: இந்த ரக வண்டிகளுக்குள் இருக்கும் ஐந்து கிலோமீட்டர் வித்தியாசத்தை உங்கள் வலது கையே விழுங்கிவிடும்.

நான் சொல்வது ஒன்றும் புதிதல்ல. 1946-இல் இத்தாலியில் வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளைப் பிடிக்காதவர். அதனால்தான் எஞ்சினை மூடி, காலை முன்னால் வைத்து உட்காரும்படி அமைத்தார். 1958-இல் ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் வந்தபோது கியர் மாற்ற இடக்கையால் அழுத்தும் கிளட்ச் கைப்பிடியையே எடுத்துவிட்டார்கள். ஒரு கையில் சாமானோடு போகிற டெலிவரி ஆளும் ஓட்ட வேண்டும் என்ற எண்ணம். சக்கரமோ 17 அங்குலம். 2017-க்குள் பத்துக் கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. இரண்டு பேரும் ஏறி இறங்குகிற மனிதரிடமிருந்து தொடங்கியிருக்கிறார்கள். நாம் திரையிலிருந்து தொடங்குகிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பீட்டுக்கு வண்டிகள் வந்ததும் அவற்றை ஒரு காலைப்பொழுது என் மைதானத்துக்கு அனுப்பிவையுங்கள். ஐந்தடி உயரமுள்ள மாணவிகள் மூன்று பேரும், மூட்டுவலியோடு இந்த வாரம்தான் சேர்ந்த அறுபது வயதுக்காரர் ஒருவரும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு முறை சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுத்து, பத்தடி பின்னால் தள்ளட்டும். உங்கள் கட்டுரையாளர் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளலாம். விழுந்தால் தூக்கிவிட மட்டும் வரக் கூடாது.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சியாளரான உங்கள் வாசகி