ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் கட்டாயம் வாசிக்கவும்

வணக்கம் உறவுகளே. ஆஸ்பத்திரியில் 4ஆம் விடுதியில் வாந்தி, வயிற்றோட்டம் பரவுகிறது. அங்கே நோயாளி பார்க்கப் போன நம் ஊர் மூன்று வீடுகளிலும் இப்போது அதே வருத்தம்.

சனிக்கிழமை (14ஆம் திகதி) மாலை 4 மணிக்கு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பொதுநோக்கு மண்டபத்துக்கு வருகிறார்.

1. கடந்த 10 நாளில் அந்த விடுதிக்குப் போன எல்லோரும் வாருங்கள். வருத்தம் வராதவர்களும்தான், இரு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் காரணம் பிடிபடும்.

2. துண்டில் எழுதி வாருங்கள்: போன நாள், பக்கத்தில் நின்ற கட்டில், அங்கே சாப்பிட்டது, குடித்தது, முதல் வாந்தி வந்த நேரம். "முந்தாநாள் போல" என்றால் உதவாது.

3. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இது நோரோ வைரஸ் (வாந்தி, வயிற்றோட்டம் பரப்பும் கிருமி) என்றால் கை ஜெல் சரியாக வேலை செய்யாது.

4. வருத்தம் நின்று 48 மணித்தியாலம் வரை சமைக்கவோ ஆஸ்பத்திரிக்குப் போகவோ வேண்டாம். ஞாயிறு அன்னதானத்துக்குக் காய் வெட்ட வரும் இருவரும் இதில் அடக்கம், கோபிக்காதீர்கள்.

5. வயிற்றோட்டம் உள்ளவர்களுக்கு ஜீவனி (உடலில் நீர் வற்றாமல் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) கரைத்துக் கொடுங்கள்.

கன்ரீன் சாப்பாடுதான் காரணம் என்ற குரல்பதிவை இனி அனுப்ப வேண்டாம். மலப் பரிசோதனை முடிவே இன்னும் வரவில்லை.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் "வருகிறேன்" என்று இங்கே போடுங்கள். வருத்த விபரம் எனக்குத் தனியாக.